வாழைக்குத் துணைச்செடி

வாழைக்குப் பக்கத்தில் எதை நடலாம், எதை நடக்கூடாது என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காப்பி நடலாம், வாழை நிழல் காப்பிக்கு ஆகும். அடியில் பீன்ஸ் தூவலாம், அது மண்ணை மூடிக்கொண்டால் களை தலை தூக்காது. ஓரத்தில் பூசணிக்கொடி ஓடவிடலாம். காற்றுக்கு மறைப்பாக ஒரு அத்தி நிற்கலாம். யூகலிப்டஸ் மட்டும் ஆகாது, பக்கத்தில் நிற்பவன் தண்ணீரையும் சேர்த்துக் குடித்துவிடும். இவ்வளவுதான். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

ஏன் செய்தாய் என்று கேட்டால் கிழவன் செடிகொடி பேசுகிறான் என்று உங்கள் கான்ஸ்டபிள் சிரிக்கிறான். சிரிக்கட்டும். ஆரம்பம் அங்கேதான் இருக்கிறது. நான் சொல்கிறபடியே எழுதுங்கள், ஐயா. எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் படித்துக் காட்டுவதை நான் முழுசாக நம்பப்போவதில்லை, அது வேறு விஷயம். எழுத்துத் தெரிந்தவன் எவனையும் நான் நம்பியதில்லை.

என் பெயர் ருவெபாங்கிரா. புகோபாவுக்கு வடக்கே, ஏரி தெரிகிற மேட்டில் என் தோட்டம். என் அப்பன் வைத்த வாழை, அவன் அப்பன் வைத்த வாழையின் கன்று. எங்கள் பக்கத்தில் செத்தவர்களையும் தோட்டத்திலேயே புதைப்போம், உங்களுக்குத் தெரியாததில்லை. அப்பா, அம்மா, என் மனைவி, என் மகன் காகருகி எல்லாரும் அங்கேதான் கிடக்கிறார்கள். காலையில் தோட்டத்துக்குள் போனால் நான் தனியாக இருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் இடமும் பார்த்து வைத்திருந்தேன், மனைவிக்கு இடதுபக்கம், காப்பிச்செடி இரண்டுக்கு நடுவில்.

அப்பா காரியம் முடிந்த அன்று சித்தப்பாமார் என்னை அவர் முக்காலியில் உட்காரவைத்து அவர் அரிவாளைக் கையில் கொடுத்தார்கள். அந்த அரிவாள்தான் வாரிசு. தார் வெட்டுவது, சருகு அறுப்பது, கன்று பிரிப்பது எல்லாம் அதில்தான். அதை நாங்கள் நெருப்பில் காட்டமாட்டோம். ஒரு வீட்டில் வாரிசே இல்லாமல் போய், கடைசி ஆளைப் புதைத்த அன்று மட்டும்தான் அவன் அரிவாளைக் கங்கில் வைத்து எடுப்பார்கள். அந்த வீடு முடிந்தது என்று அர்த்தம். எங்கள் குலத்தில் அப்படி.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்தைச் சாகவிட்டவனிடமிருந்து குலம் தோட்டத்தை வாங்கிக்கொள்ளும். வேறொருவனுக்குக் கொடுக்கும். விட்டவன் செத்தால் அப்பன் பக்கத்தில் புதைக்கமாட்டார்கள். கீழே மாடு மேயும் புல்வெளியில், பேர் தெரியாதவனைப் புதைக்கிற மாதிரி புதைப்பார்கள். என் சின்ன வயதில் ஒருவனை அப்படிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த வருஷமே மாடு அவன்மேல் நின்று மேய்ந்தது. எனக்குச் சாவு பயமில்லை, ஐயா. புல்வெளிதான் பயம். மற்றதெல்லாம் அந்தப் பயத்திலிருந்து வந்தது, அதைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது கெமிலெம்பே. அவள் காகருகியின் மனைவி. அவன் படகு கவிழ்ந்து ஏரியில் போனான். பிள்ளை இல்லை. அவள் முலெபாவில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. நானும் போ என்று சொல்லவில்லை. நல்ல உழைப்பாளி, அதை நான் மறைக்கமாட்டேன். அவள் வேகவைத்த வாழைக்காய் குழையாமலும் விறைக்காமலும் இருக்கும். நவம்பரில் வெட்டுக்கிளி வந்தால் ராப்பகலாகப் பிடித்து, இறக்கை பிய்த்து, வறுத்து, என் பங்கை முதலில் வைப்பாள். எங்கள் வீட்டில் மாமனார் கையில் மருமகள் எதையும் நேராகக் கொடுக்கமாட்டாள், கீழே வைப்பாள், எடுத்துக்கொள்ள வேண்டும். மண்டியிட்டுத்தான் வணக்கம் சொல்வாள். ஆனால் மண்டியிட்டபடியே வாயடிப்பாள். ஒருநாள் காலையில் அரிவாளும் கையுமாக நான் நின்றதைப் பார்த்துவிட்டு, "மாமா, அந்த அரிவாளுக்கு உங்களக் கட்டிக் குடுத்த மாதிரில்ல தூக்கிட்டுத் திரியுறீங்க. அத்த பாத்தா பொறாமப்படுவாங்க," என்றாள். அவள் சொன்ன அத்தை, என் செத்த மனைவி. நான் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

அவள் அவ்வப்போது கூட்டுறவுக் கொட்டகையில் நடக்கும் கூட்டத்துக்குப் போவாள். அங்கே யாரோ வந்து வாழைக்குத் துணைச்செடி என்று பாடம் நடத்தியிருக்கிறார்கள். ஒரு மடி நிறைய விதையோடு வந்தாள். கொளுஞ்சி. நம் ஊரில் ஆள் உயரத்துக்கு வளருமே, இலையை இடித்துத் தண்ணீரில் போட்டால் மீன் மல்லாந்து மிதக்குமே, அது. தோட்டத்துக்குள் வரிசையாக ஊன்றினாள். வளையெலி வராது, மண்ணுக்கும் உரம் என்றாள். காகருகி கிடக்கிற இடத்தைச் சுற்றியும் ஊன்றினாள்.

நான் அன்றே கேட்டேன். மீனைக் கொல்கிற செடியை என் மகன் தலைமாட்டில் வைக்கிறாயே என்றேன். "அவருக்கு இனிமே மீன் என்ன செய்யும், தண்ணி என்ன செய்யும் மாமா. எலி தோண்டாம இருந்தாப் போதாதா," என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளா என்று தெரியாது. நான் பார்க்கவில்லை.

அவள் சொன்னது பலித்தது. வளையெலி போய்விட்டது. கேளுங்கள், பயம் இங்கேதான் தொடங்கியது. பிறந்ததிலிருந்து அந்த எலி என் காலடியில் இருந்தது. சாயங்காலம் தோட்டத்தில் குந்தி உட்கார்ந்தால் மண்ணுக்கடியில் கிழங்கைக் கறுக் கறுக் என்று கடிக்கிற சத்தம் கேட்கும். திட்டிக்கொண்டே மண்வெட்டியால் தட்டுவேன். கொளுஞ்சி வளர்ந்த பிறகு ஒரு சாயங்காலம் உட்கார்ந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. இடம் மாறி உட்கார்ந்தேன். அங்கும் இல்லை. காதை மண்ணில் வைத்துப் பார்த்தேன். கீழே அவ்வளவு பெரிய அமைதி. எலியை விரட்டத் தெரிந்த வேர், அதோடு நிற்கும் என்று யார் சொன்னது? அதே மண்ணில் என் ஆட்களும் கிடக்கிறார்கள். அவர்களும் எழுந்து போய்விட்டார்களோ என்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து தோட்டத்தில் தனியாக இருப்பதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

அந்த மழைக்காலத்தில்தான் ஊரில் வாடல் நோய் வந்தது. முதலில் பக்கத்துத் தோட்டம், பியாபாட்டோவுடையது. அவன் எனக்குத் தம்பி மாதிரி, ஒன்றாக வாழைக்கள் குடித்து வளர்ந்தோம். அவன் வாழையெல்லாம் இலை மஞ்சளாகி, முறிந்து, பாவாடை மாதிரி தொங்கியது. வெளியே காய் பச்சையாக இருக்கும், கீறிப் பார்த்தால் உள்ளே துருப்பிடித்த மாதிரி பழுப்பு. தண்டை வெட்டினால் சீழ் மாதிரி மஞ்சளாகக் கசியும். மாடு கூடத் தின்னாது. பியாபாட்டோ தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அண்டை வீட்டுக்காரன், எப்படிச் சும்மா இருப்பது? என் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் அவனோடு சேர்ந்து வெட்டிச் சாய்த்தேன். நாள் முழுக்க வெட்டினேன். அரிவாளில் அந்தச் சீழ் பிசின் மாதிரி ஒட்டியது. தொடையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்த கையோடு என் தோட்டத்தில் சருகு அறுத்தேன், கன்று பிரித்தேன். நோய் வருகிற நேரத்தில் தோட்டம் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா? நான் ஒருநாளும் வேலையில் குறை வைத்ததில்லை.

கொஞ்ச நாளில் என் தோட்டத்தில் முதல் மஞ்சள் இலை. எங்கே என்று நினைக்கிறீர்கள்? கொளுஞ்சி வரிசைக்குப் பக்கத்தில்.

அதைப் பார்த்த காலையில் கையிலிருந்த மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய்த் தரையில் பரப்பிய புல்லில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. கெமிலெம்பே வாழைக்காய் கொண்டுவந்து வைத்தாள். வைத்த இடத்திலேயே இருந்தது. கண்ணை மூடினால் புல்வெளிதான் தெரிந்தது.

விவசாய ஆபீசர் ஒருவன் வந்து அத்திமரத்தடியில் ஊரைக் கூட்டிச் சொன்னான். நோயுள்ள வாழையைக் கிழங்கோடு தோண்டி எடுத்து ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டுமாம். மேலே நல்லா மண் மூட வேண்டுமாம். நோயைச் சுமக்கிறது எதுவாக இருந்தாலும் தோட்டத்தில் விட்டுவைக்கக்கூடாது என்றான். வாழைப்பூவை இரும்பால் அறுக்காமல் கவைக்கம்பால் முறிக்கச் சொன்னான். ஒவ்வொரு மரம் வெட்டியதும் கத்தியை நெருப்பில் காட்டு என்றான், ஒரு மரத்து நோயை அடுத்த மரத்துக்குக் கத்திதான் கொண்டுபோகிறதாம். பின்வரிசையில் இருந்த கிழவர்கள் எல்லாரும் சிரித்தோம். கத்தி என்ன கொசுவா?

கெமிலெம்பே சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் வந்து மண்டியிட்டாள். இந்தத் தடவை வாயடிக்கவில்லை. "மாமா, நீங்க பியாபாட்டோ மாமா தோட்டத்துல வெட்டுன அரிவாள்தான் அது. அதோடதான் நம்ம தோட்டத்துலயும் எறங்குனீங்க. கோவப்படாம கேளுங்க. ஒரே ஒரு தடவ நெருப்புல காட்டிருங்க," என்றாள்.

நான் அவளையே பார்த்தேன். பல வருஷமாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். அந்த இரும்பை நெருப்பில் காட்டினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கேட்டாள். என் வீடு முடிந்துபோகட்டும் என்று மண்டியிட்டு, மெதுவான குரலில், மரியாதையாகக் கேட்டாள். உனக்கு வேறு கத்தி வேண்டுமானால் சந்தையில் வாங்கிக்கொள் என்று மட்டும் சொன்னேன். வாங்கினாள். அவள் கத்தியை அவள் தினமும் சுட்டாள். நான் என் அரிவாளைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன்.

பியாபாட்டோவிடம் சொன்னேன். அவன் அன்று கொஞ்சம் குடித்திருந்தான். "அண்ணே, உனக்கு மக கெடையாது, மகன் போயிட்டான். நீயும் போயிட்டா தோட்டம் யாருக்கு? அவ கணக்குப் போடுறா. பொம்பள கணக்குத் தப்பாது," என்று சொல்லிச் சிரித்தான். வேடிக்கைக்குத்தான் சொன்னான் என்று இப்போது உங்களிடம் சத்தியம் செய்திருப்பான். செய்யட்டும். அவன் சொன்னதில் பாதி எனக்கு முன்னமே தெரிந்ததுதான்.

பிறகு நான் எதையும் அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். அவள் எங்கெல்லாம் கொளுஞ்சி ஊன்றியிருக்கிறாள், எங்கெல்லாம் பீன்ஸ் தூவியிருக்கிறாள் என்று வரிசை வரிசையாகப் போனேன். சந்தேகப்பட்ட மரத்தில் அரிவாளால் ஒரு கீறு கீறி, உள்ளே சீழ் இருக்கிறதா என்று பார்ப்பேன். பார்க்கிற அன்று இருக்காது. சுத்தமாக, வெள்ளையாக இருக்கும். மனசு ஆறும். ஒரு மாசம் போய்ப் பார்த்தால் அதே மரம் மஞ்சளாகிக் கிடக்கும். நான் பார்த்துவிட்டுப் போன பிறகு வந்து யாரோ ஏதோ செய்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான் கீறிப் பார்க்காத மூலை ஒன்று இருந்தது, மேட்டுப்பக்கம், கல் அதிகம், என் மூட்டு வலிக்கு ஏற முடியாது. அந்த மூலையில் கடைசிவரை ஒரு மரமும் வாடவில்லை. அங்கேயும் அவள் கொளுஞ்சி வைத்திருந்தாள்தான். அங்கே மட்டும் ஏன் விட்டுவைத்தாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தனக்கென்று மிச்சம் வைத்தாளோ என்னவோ.

தோட்டம் பாதி போயிற்று. குலத்தலைவர் ஒருநாள் வந்து சுற்றிப் பார்த்தார். விருந்தாளிக்கு மெல்லக் கொடுக்கிற வேகவைத்த காப்பிக்கொட்டை கொடுத்தேன், வாயில் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். மறுவிதைப்புவரை பார்ப்போம் என்றார். அதற்கு அர்த்தம் என்ன என்று எனக்குத் தெரியும். அவர் போன பிறகு மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காதை மண்ணில் வைத்தேன். ஒன்றும் இல்லை.

அன்று மத்தியானம் வீட்டுக்குள் போனேன், தலைமாட்டில் அரிவாள் இல்லை. அடுப்பங்கரையில் புகை. கெமிலெம்பே குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். கங்குக்குள் என் அரிவாளின் மூக்கு.

நான் கத்தவில்லை. கையை விட்டு எடுத்தேன். இரும்பு இன்னும் சூடேறியிருக்கவில்லை, கைப்பிடிகூடக் குளிர்ந்துதான் இருந்தது. தக்க சமயத்தில் வந்துவிட்டேன். அவள் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். "கொல்லாதீங்க மாமா," என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த நிமிஷம்வரை எனக்கு அப்படி ஒரு நினைப்பே இல்லை. குற்றம் செய்யாதவள் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? நான் அரிவாளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவளும் ஊருக்குப் போகவில்லை. இரவுக்கு வழக்கம்போல் சமைத்து வைத்தாள். நான் தின்னவில்லை. மறுநாளும் தின்னவில்லை. சந்தையில் வறுத்த மீன் வாங்கித் தின்றேன். அவள் அதைப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் வீட்டில் நான் பயந்து ஒளிந்து தின்றேன், ஐயா. கிழவன் ஆனாலும் ஆம்பிளை, எவ்வளவு கேவலம் என்று யோசித்துப் பாருங்கள்.

குழி ஏற்கெனவே வெட்டியிருந்தது. ஆபீசர் சொன்னபடி ஆழமாக, ஆளை மறைக்கிற அளவுக்கு. பாதிக்கு மேல் வெட்டியது அவள்தான், எனக்கு மூட்டு. தோண்டிய வாழையை உள்ளே தள்ளுவோம், அவள் ஏணியில் இறங்கித் தண்டுகளைத் துண்டு போட்டு மிதித்து அமுக்குவாள், அப்போதுதான் இடம் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை. ஊர் சர்ச்சில் இருந்தது, பாட்டுச் சத்தம் மேடுவரை கேட்டது. அதைப் பார்த்து நான் நாள் குறித்தேன் என்று எழுதாதீர்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. நோய் ஞாயிற்றுக்கிழமை பார்க்காது, அதனால் அவளும் சர்ச்சுக்குப் போகாமல் வேலைக்கு வந்தாள். காலையிலிருந்து மழைத்தூறல். குழிச்சுவர் செம்மண், வழவழவென்று இருந்தது. அவள் உள்ளே இறங்கி மிதித்துக்கொண்டிருந்தாள். சர்ச்சுப் பாட்டை முணுமுணுத்தாள் என்று நினைக்கிறேன். நான் மேலே நின்று அவள் உச்சந்தலையைப் பார்த்தேன். நோயைச் சுமக்கிறது எதுவாக இருந்தாலும் விட்டுவைக்கக்கூடாது, ஆழமாகப் புதைக்க வேண்டும் என்று ஆபீசர் சொன்னது ஞாபகம் வந்தது. அரசாங்கத்தில் சம்பளம் வாங்குகிறவன் ஊரைக் கூட்டிச் சொன்னது. நானாக நினைத்துக்கொண்டது இல்லை.

ஏணியை மேலே இழுத்துப் போட்டேன். பிறகு தாரோடு இருந்த ஒரு முழுத் தண்டைத் தள்ளினேன். அது அவள் தோளில் விழுந்தது. கை தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள், பாவம். சிரித்தாள். "மாமா, நான் இங்கதான் இருக்கேன்," என்றாள். நான் அடுத்ததைத் தள்ளினேன். தண்ணீர் ஊறிய வாழைத்தண்டு என்ன கனம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் டவுன்காரர். அப்புறம் அவள் சிரிக்கவில்லை. ஏணிய எறக்குங்க மாமா என்றாள். நீங்க சொல்றத இனிமே கேக்குறேன் என்றாள். அரிவாளைத் தொடமாட்டேன், ஊருக்குப் போயிடுறேன் என்றாள்.

அதை நான் உண்மையாகவே யோசித்தேன். மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று யோசித்தேன். ஊருக்குப் போனால்? முலெபாவிலும் வாழைதான் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் கிழவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் தோட்டம்தான் உயிர். இதைக் கொண்டுபோய் அங்கே விடச் சொல்கிறீர்களா? பிறத்தியான் தோட்டமும் தோட்டம்தானே. மண் போட்டேன். நிறையப் போட்டேன். ஆபீசர் சொன்னதைவிட ஒரு முழம் கூடவே போட்டேன். பாட்டு முடிவதற்குள் முடிந்தது. மேலே பீன்ஸ் தூவினேன். வெறும் மண்ணாக விட்டால் மழையில் கரைந்துவிடும்.

அவளைத் தோட்டத்துக்குள்தான் வைத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். புல்வெளியில் போடவில்லை.

பியாபாட்டோ கேட்டான், தாய்வீட்டுக்குப் போனாள் என்றேன். யாரும் மறுத்துக் கேட்கவில்லை. அவள் அண்ணன் முலெபாவிலிருந்து வந்து, அவள் செருப்பும் துணிமூட்டையும் வீட்டிலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்தான். நீங்கள் வந்து கேட்டீர்கள், நான் இடத்தைக் காட்டினேன். ஒளிக்கவில்லை. முன்னாடியே கேட்டிருந்தால் முன்னாடியே காட்டியிருப்பேன். அந்த அண்ணன் என் காலடியில் விழுந்து அழுதான். எழுந்திரு, உன் ஊர்த் தோட்டத்தைத்தான் காப்பாற்றியிருக்கிறேன் என்று சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. சின்ன வயசு.

நோய் நின்றதா என்று கேட்கிறீர்கள். நிற்கவில்லை. அவள் போன பிறகு கொளுஞ்சி அத்தனையையும் என் அரிவாளாலேயே வெட்டி எறிந்தேன். மிச்சமிருந்த ஒவ்வொரு வாழையையும் கீறிப் பார்த்தேன், மூட்டு வலியோடு அந்தக் கல்மூலைக்கும் ஏறினேன். ஒன்று விடாமல் போயிற்று. அவ்வளவு ஆழமாக ஊறவைத்திருக்கிறாள். குலத்தலைவர் தோட்டத்தை வாங்கிக்கொண்டார். என்னை எங்கே புதைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த அறையில் படுத்தால் மேலே மாடு நடக்கிற மாதிரி இருக்கிறது, ஐயா. இன்னும் சாகவில்லை, அதற்குள் நடக்கிறது.

என் கதை முடிந்தது. ஆமாம், நான்தான் செய்தேன். உயிரோடுதான் மூடினேன். பயத்தில் செய்தேன், ஆனால் தப்பாகச் செய்யவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை எழுத வேண்டாம். இந்த ஸ்டேஷனுக்குப் பின்னால் நீங்கள் கொஞ்சம் வாழை வைத்திருக்கிறீர்கள். என்னைக் கொண்டுவந்த புதிதில், கிழவன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று சருகு அறுக்கச் சொன்னீர்கள். என் அரிவாளால் யாரையும் வெட்டவில்லை என்று தெரிந்ததும் அதை மூலையில் போட்டிருந்தீர்கள், கேட்டதும் எடுத்துக் கொடுத்தீர்கள். நல்ல மனசு. எல்லா மரத்தையும் சுத்தம் செய்து கொடுத்தேன். இன்று காலையில் கம்பி வழியாகப் பார்த்தேன், ஓரத்து மரம் இரண்டில் இலை மஞ்சளாகி முறிந்து தொங்குகிறது.

உங்கள் வீட்டம்மா தினமும் வாளியோடு அந்தப் பக்கம் போகிறாள். போன வாரம் குனிந்து ஏதோ விதை ஊன்றினாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன விதை என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்களுக்கும் வீடு இருக்கிறது, வாரிசு இருக்கிறது. சீக்கிரம் பாருங்கள், தள்ளிப்போட்டால் என் கதிதான்.

குழி நான் வெட்டித் தருகிறேன். எவ்வளவு ஆழம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.